பதினேழாம் ரேக்கின் மஞ்சள் கேபிள்

கொங்கண் தரவுக் கழகத்தில் பதினொரு ஆண்டுகளாக ஒரு கோளாறும் நடந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. கோளாறு நடந்தால் நிரப்ப வேண்டிய படிவம் இருபத்தாறு பக்கம். அதை முழுதாக நிரப்பியவர் இதுவரை ஒருவரும் இல்லை. நிரப்பாத படிவம் எங்கள் கழகத்தில் செல்லாது.

நான் அங்கே கூட்டக் குறிப்பு எழுதுகிறவன். மஹாபேயில் இருக்கும் எங்கள் கண்ணாடிக் கட்டடத்தில் வாரத்துக்கு ஒன்பது கூட்டம் நடக்கும். யார் என்ன சொன்னார் என்று எழுதுவதுதான் வேலை என்று சேர்ந்த புதிதில் நினைத்திருந்தேன். யார் எதைச் சொல்லவில்லை என்று பார்த்து எழுதுவதுதான் வேலை என்று பிடிபட ஒரு வருடம் ஆயிற்று. ஐரோலியில் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன். இங்கே தெற்கத்திக்காரன் யாராக இருந்தாலும் 'அண்ணா'தான். ஓய்வுபெறப் போகிற கிழவர்கள்கூட என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

விஷயம் இரண்டு மீட்டர் கேபிள் ஒன்றைப் பற்றியது. கணினிப் பெட்டிகள் நிற்கும் எங்கள் பெரிய கூடத்தில் அதைப் போல ஒன்பதாயிரம் உண்டு. உள்ளே கண்ணாடி இழை இருக்கும். ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு அதன் வழியே வெளிச்சம் ஓடும். மல்டிமோட் என்ற வகைக்குக் கடல்பச்சை உறை. சிங்கிள்மோட் என்ற வகைக்கு மஞ்சள் நிற உறை. முதல் வகையில் வெளிச்சம் போகும் வழி அகலம். இரண்டாவதில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் முனை இரண்டுக்கும் ஒரே அளவு. எதை எதில் வேண்டுமானாலும் செருகலாம், 'டிக்' என்று பொருந்திவிடும். வகை மாறினால் வெளிச்சம்தான் போகாது.

பெட்டிகளை அடுக்கும் இரும்புச் சட்டத்தை ரேக் என்போம். பதினேழாம் ரேக்கின் ஒன்பதாவது துளையில் ஒரு கடல்பச்சைக் கேபிள் இருந்தது. வாஷிப் பக்கம் இருக்கும் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் முறைப்பட்டியல் அதன் வழியே போய்வந்தது. நோயாளி அரசாங்கத் திட்ட அட்டையை நீட்டினால், அந்த அட்டை செல்லுமா, இன்று அவர் முறையா என்று ஆஸ்பத்திரிக் கணினி எங்கள் கூடத்தைக் கேட்கும். ஆம் என்று இங்கிருந்து பதில் போனால் மெஷினில் படுக்க வைப்பார்கள். அட்டைக்காரர்கள் பதினோரு பேர். அதில் ஒருவர் ஹாஷா மடவி. திங்கள், புதன், வெள்ளி அவர் முறை.

அவர் மகன் மோரேஷ்வர் எங்கள் கேபிள் பிரிவில் இருந்தான். மோரு என்று கூப்பிடுவோம். கட்டடத்துக்கு நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்ற ஏற்பாட்டில் உள்ளே வந்தவன். பதினேழாம் ரேக் நிற்கிற இடத்தில் ஹாஷா நாற்று நட்டிருக்கிறார் என்று ஒருமுறை டீ குடிக்கும்போது சொன்னான். சொல்லிவிட்டு வடா பாவைக் கடித்தான். அவ்வளவுதான், அதைப் பற்றி வேறு பேச்சில்லை.

கூடத்துக்குள் பூ, இலை, தேங்காய், நெருப்பு, பொடி வகை எதுவும் கூடாது என்பது ஆறாம் விதி. தசரா அன்று கருவிகளுக்குப் பூஜை போடாவிட்டால் ஆகாது என்பது இந்த ஊர் வழக்கம். இரண்டையும் மீற முடியாததால், ஒவ்வொரு தசராவுக்கும் நாங்கள் முப்பது பேர் உள்ளே போய் 'வெப்பநிலை சரிபார்த்தல்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பூஜை செய்வோம். அந்த வருடம் எங்கள் நிர்வாக இயக்குநர் கானோல்கர் சாகேப் மஞ்சள்தூளைக் குழைத்து ஒரு கிண்ணம் நிறைய வைத்திருந்தார். பதினேழாம் ரேக்கின் ஒன்பதாவது துளை அவர் மார்பு உயரத்தில் இருந்தது, போட்டோ எடுக்கத் தோதாக. அந்தக் கேபிளை இரண்டு கைகளாலும் பிடித்து, மணப்பெண்ணுக்கு நலங்கு வைப்பதுபோல நுனியிலிருந்து நுனிவரை அப்பினார். ஒருமுறை சரியாக விழவில்லை என்று இன்னொரு முறையும் அப்பினார். போட்டோவைச் சட்டம் போட்டுக் கூட்ட அறையில் மாட்டினோம்.

கேபிள் அதைப் பொருட்படுத்தவில்லை. உள்ளே வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. ஹாஷாவும் வாரம் மூன்று நாள் படுத்து எழுந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம் தணிக்கைக்குப் புனேயிலிருந்து வைஜயந்தி ஆப்தே மேடம் வந்தார். கையில் நிற அட்டை, காதருகில் மாட்டிய ஒரு சின்ன டார்ச். ஒன்பதாயிரம் கேபிளையும் பார்த்தார். பதினேழாம் ரேக்கின் முன் நின்றுவிட்டார்.

"பதிவேட்டுல கடல்பச்சைன்னு இருக்கு. இங்க மஞ்ச கலரா இருக்கு."

மோரு பக்கத்தில் நின்றிருந்தான். "மேடம், அது மஞ்சள்தூள். தொடச்சா போயிடும்."

மாற்றங்களுக்கான அதிகாரி சிட்ணீஸ் இருமினார். எங்கள் கழகத்தில் எதை மாற்றினாலும் அவர் அனுமதி வேண்டும். எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்வதால் இரண்டு முறை பதவி உயர்வு பெற்றவர்.

"கூடத்துக்குள்ள பொடி வருமா?" என்று கேட்டார் மேடம்.

"வராது மேடம். ஆறாம் விதி," என்றார் சிட்ணீஸ்.

"அப்போ இது கேபிளோட கலர்."

"மேடம், இதுல வெளிச்சம் போகுது பாருங்க. சிங்கிள்மோடா இருந்தா இந்தத் துளையில போகவே போகாது," என்றான் மோரு.

"எங்க, வெளிச்சத்தக் காட்டு."

"அது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் மேடம். உத்துப் பாக்கவும் கூடாது, கண்ணு போயிடும்."

"தெரியாதத நான் எப்படிப்பா எழுதறது? தெரியறத எழுதிட்டுப் போறேன்." என் பக்கம் திரும்பினார். "அண்ணா, எழுதிக்கோங்க. நிறம் மஞ்சள். வகை சிங்கிள்மோட்."

எழுதிக்கொண்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

அடுத்த திங்கட்கிழமை கூட்டம். மோரு ஒரு ஈரத்துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தான்.

"சாகேப், ரெண்டு நிமிஷம் கொடுங்க. தொடச்சிட்டு வந்துடறேன். உறை மேலயே மல்டிமோட்னு அச்சடிச்சிருக்கும்."

"தொடச்சா நிறம் மாறும். நிறம் மாறினா அது மாற்றம். மாற்றம்னா மனு," என்றார் சிட்ணீஸ். மனுவை எடுத்து அவன் முன்னால் வைத்தார். "முதல் கட்டம், எத நீக்கப்போற?"

"மஞ்சள்தூள்."

"அடுத்த கட்டம். அது எப்படி உள்ள வந்துச்சு, கொண்டுவந்தது யாரு?"

மோரு சுவரைப் பார்த்தான். எல்லோரும் சுவரைப் பார்த்தோம். படத்தில் கானோல்கர் சாகேப் இரண்டு கையிலும் மஞ்சளோடு சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்கு அடியில் கானோல்கர் சாகேப் உட்கார்ந்திருந்தார்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். முழுவதையும் குறிப்பில் எழுதியிருக்கிறேன், ஒரு சொல்லும் விடவில்லை. "நம்ம கூடத்துல ஒரு துளி பொடி கிடையாது. இத நான் யாரோ சொல்லிக் கேட்டுப் பேசல. தசரா அன்னிக்கு நானே உள்ள நின்னேன். கையில கிண்ணத்தோட நின்னேன். அரை மணி நேரம் அந்தக் கேபிளத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன். என் கண்ணுக்கு எந்தப் பொடியும் படல. அங்க இருந்த முப்பது பேருக்கும் படல. கையெழுத்து இருக்கு."

முப்பதில் ஒன்று என்னுடையது.

பதிவேடு திருத்தப்பட்டது. பதினேழாம் ரேக், ஒன்பதாவது துளை, மஞ்சள் நிறம், சிங்கிள்மோட். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு கேபிளுக்கும் ஸ்டோர் சீட்டு வேண்டும். சிங்கிள்மோட் கேபிள் எதையும் அந்தத் துளைக்கு ஸ்டோர் கொடுத்ததே இல்லை. ஆகவே அங்கே இருப்பது அத்துமீறி நுழைந்த கேபிள் என்று ஆயிற்று. அதைப் பிடுங்கிவிட்டு, சீட்டோடு ஒரு நிஜ மஞ்சள் கேபிளைப் போட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள்.

"போட்டா லைன் செத்துடும் சாகேப். ஆஸ்பத்திரி லைன் அது. என் பாபா அங்கதான் படுக்கறாரு," என்றான் மோரு.

கானோல்கர் சாகேப்புக்கு மனம் கனிந்துவிட்டது, தம்பி முறை வைத்து 'பாவு' என்றே கூப்பிட்டார். "மோரேஷ்வர் பாவு, உன் அப்பாவுக்கு இந்தக் கழகம் எவ்வளவு கடன்பட்டிருக்கு தெரியுமா? அவர் படுக்கற லைன்ல சீட்டு இல்லாத கேபிள் ஓடறத நான் எப்படி அனுமதிப்பேன், நீயே சொல்லு."

மோரு வேலைத் தாளில் கையெழுத்துப் போட்டான். தான் போடாவிட்டால் வேறொருவன் போடுவான், முனையைத் துடைக்காமலே போடுவான் என்று பிறகு என்னிடம் சொன்னான்.

செவ்வாய் பகல் பதினொரு மணிக்கு மோரு பழைய கேபிளை எடுத்தான். புதியதைத் துடைத்துச் செருகினான். 'டிக்' என்றது. துளைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கு அணைந்தது.

"விளக்கு அணைஞ்சிடுச்சு சாகேப்."

சிட்ணீஸ் தன் தாளைப் பார்த்தார். "வேலை என்ன? கேபிள் மாத்தறது. மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு."

"நேரத்துக்குள்ளயா?"

"நேரத்துக்குள்ளதான்."

"விளக்கு நம்ம தாள்ல இல்ல பாவு." வெற்றி என்று எழுதி வட்டம் போட்டார். பழைய கேபிளைப் பிடுங்கிய அன்றே இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நறுக்க வேண்டும் என்பது விதி. நறுக்கினார்கள். மஞ்சள்தூள் மேஜையெல்லாம் கொட்டியது. இரண்டாவது சாட்சி நான். பிறகு எல்லோருக்கும் பேடா கொடுத்தார்கள்.

புதன்கிழமை காலை ஹாஷா ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தார். அட்டையைத் தேய்த்துப் பார்த்த பெண், "லைன் இல்ல பாபா, வெள்ளிக்கிழமை வாங்க," என்றாள். பணம் கட்டுகிறவர்களுக்கு லைன் தேவையில்லை, அவர்கள் படுத்து எழுந்து போனார்கள். வெள்ளிக்கிழமை போனபோது திங்கட்கிழமை வரச் சொன்னாள். மோரு நடுவில் அவரைத் தானே பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஊசி ஒன்று போட்டு, உங்கள் அட்டை அங்கேதான் செல்லும் என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஒவ்வொரு நாளும் மோரு கழகத்தில் சொன்னான். நானும் குறிப்பில் எழுதினேன். சிட்ணீஸ் அவனை விரட்டவில்லை, பொறுமையாகவே கேட்டார். "ஆஸ்பத்திரிலேர்ந்து புகார் வந்துச்சா?"

"புகார் நம்ம வலைத்தளத்துலதான் சாகேப் போடணும். அவங்களுக்கு அது அதே லைன்லதான் வருது."

"வந்துச்சா, வரலையா?"

"வரல."

"அண்ணா, எழுதிக்கோங்க. புகார் இல்ல."

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், ஆப்தே மேடத்தின் தணிக்கையில் கழகம் நூற்றுக்கு நூறு வாங்கியதை அறிவித்தார்கள். நான் கை தட்டினேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மோருவும் தட்டினான். கை தட்டுவதைக் கவனிக்காமலே தட்டிக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன், மற்றவர்கள் நிறுத்தியபிறகும் இரண்டு முறை தட்டினான்.

திங்கட்கிழமை சாயங்காலம் என் மேஜைக்கு வந்து நின்றான். அன்றும் லைன் இல்லை. பாபாவின் கால் வீங்கி உரல் மாதிரி ஆகிவிட்டது, ஒரு நாளைக்கு அரை பாட்டில் தண்ணீர்தான் குடிக்கலாம், அதையும் பாதி மிச்சம் வைக்கிறார் என்று சொன்னான். விலைப்பட்டியலைப் படிப்பதுபோல ஒரே குரலில் சொன்னான்.

"அண்ணா, பச்சைக் கேபிள் ஒண்ணு வேணும். ஸ்டோர்ல தரமாட்டேங்கறாங்க. அந்தத் துளைக்கு இனிமே மஞ்ச கலர்தான்னு சொல்றாங்க."

என் மேஜையில் பழைய குறிப்புக் கட்டுகள் இருந்தன. அவை சரியாமல் இருக்க ஏதோ ஒரு வருடம் யாரோ விட்டுப்போன கடல்பச்சைக் கேபிளைச் சுற்றி வைத்திருந்தேன். மோரு அதை அவிழ்த்தான். ஒரு முனையில் டார்ச்சைப் பிடித்து மறுமுனையைப் பார்த்தான். கடுகளவு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. அந்த வாரத்தில் அவன் முகம் கொஞ்சம் அசைந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"பச்சையாப் போட்டா சிட்ணீஸ் ஒரு மணி நேரத்துல பிடுங்கச் சொல்வாரே," என்றேன்.

"பச்சையா இருந்தாத்தானே, அண்ணா. உங்க வீட்டுல மஞ்சள்தூள் இருக்கா?"

செவ்வாய் மதியம் சாப்பாட்டு நேரத்தில் கழிவறைக்குள் நின்று இரண்டு பேரும் கேபிளுக்குப் பூசினோம். முனைகளை மூடிவிட்டு உறைக்கு மட்டும் பூசினான். கை உலர்த்தும் எந்திரத்தின் கீழே காட்டிக் காயவைத்தான். முதல் பூச்சில் பாசி நிறமாக இருந்தது. மூன்றாவதில் கானோல்கர் சாகேப் பூசியதைவிட நன்றாக வந்தது. எனக்கு நாற்பத்தொன்பது வயது. கழிவறையில் நின்று கேபிளுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இல்லை. வேறு எதுவாகவும் இல்லை.

ஒன்றரை மணிக்கு மோரு அதைச் செருகினான். பச்சை விளக்கு எரிந்தது. நிஜ மஞ்சள் கேபிளைச் சுருட்டி என் குறிப்புக் கட்டைச் சுற்றி வைத்தோம். இரண்டு மணிக்கு சிட்ணீஸ் தினசரிப் பார்வைக்கு வந்தார். பதினேழாம் ரேக்கின் முன் நின்று பதிவேட்டையும் கேபிளையும் மாறி மாறிப் பார்த்தார். நிறம் மஞ்சள். சீட்டு இருக்கிறது. டிக் அடித்தார். மூக்கை மட்டும் ஒருமுறை உறிஞ்சினார்.

"மஞ்ச வாசன வருதே, கேன்டீன்ல இன்னிக்கு என்ன, வரண் பருப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கைபேசிகளைக் கூடத்துக்கு வெளியே பெட்டகத்தில் வைத்துப் பூட்ட வேண்டும். மூன்று மணிக்கு மோரு தன் பெட்டகத்தைத் திறந்தான். ஆஸ்பத்திரிக்குப் பேசப் போனவன், வந்திருந்த செய்தியைப் படித்தான். பிறகு என்னிடம் நீட்டினான்.

ஹாஷா மடவி தொடர்ந்து மூன்று முறை வரவில்லை என்பதால் அவர் இடம் ரத்துச் செய்யப்பட்டு, காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு வழங்கப்பட்டது என்று இருந்தது. மறுபடி இடம் வேண்டுமானால் புதிதாக மனுச் செய்யலாம். சராசரிக் காத்திருப்பு நான்கு மாதம். வந்த நேரம் ஒன்று முப்பத்தொன்று.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. லைன் இல்லாத நாட்களில் ஆஸ்பத்திரிக் கணினி, அட்டைக்குப் பதில் வராத ஒவ்வொருவரையும் 'வரவில்லை' என்று குறித்து வைத்திருக்கிறது. லைன் வந்ததும் எல்லாவற்றையும் எங்கள் கூடத்துக்கு அனுப்பியிருக்கிறது. எங்கள் கூடம் பதினோரு பேரையும் ஒரே நொடியில் நீக்கியிருக்கிறது. நாங்கள் பூசிய கேபிளில் முதலில் ஓடியது அதுதான். மிக நல்ல கேபிள். எங்கும் தடங்கலில்லை.

"லைன் இல்லன்னு ஒரு கடிதம் கழகத்துலேர்ந்து கொடுத்தா, இடத்தத் திருப்பித் தருவாங்களா அண்ணா?" என்றான் மோரு.

தருவார்கள். ஆனால் கழகத்தில் லைன் போனதே இல்லை. நான்தான் எழுதியிருக்கிறேன், அழகான கையெழுத்தில், நான்கு கூட்டத்திலும். அதை அவனிடம் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அன்று அவனோடு நானும் அவன் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. ஹாஷா வாசலை ஒட்டிப் போட்ட நாற்காலியில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். மடியில் அட்டையும் துண்டும் வைத்த பிளாஸ்டிக் பை. புதன்கிழமையிலிருந்து இப்படித்தான் உட்காருகிறார், எப்போது லைன் வந்தாலும் உடனே கிளம்ப வசதி என்று சொல்கிறார் என்றாள் மோருவின் மனைவி. முகம் ஊதி, கண்கள் சின்னதாகிப் போயிருந்தன. எங்கள் கைகளைப் பார்த்தார். இரண்டு பேர் கையும் மணிக்கட்டுவரை மஞ்சளாக இருந்தது.

"என்னடா, கல்யாணமா?" என்றார்.

"இல்ல பாபா. வேலையில ஒட்டிக்கிச்சு."

"லைன் வந்துடுச்சா?"

மோரு என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"வந்துடுச்சு பாபா."

"யாரு சரி பண்ணது?"

"நான்தான்."

ஹாஷா என்னிடம் திரும்பினார். "பாத்தீங்களா அண்ணா? நிலத்தக் கொடுத்துட்டேன்னு இந்த ஊர்ல எல்லாரும் என்னக் கிறுக்கன்னாங்க. இன்னிக்கு அதே எடத்துல என் பையன் எனக்கு லைன் போட்டிருக்கான்." மூச்சு வாங்கியது. நாற்காலியின் கைகளைப் பிடித்து எழுந்து, பையை இடுக்கிக்கொண்டார். "வா, கிளம்பு. லைன் இருக்கறப்பவே போயிடணும்."

மோரு குனிந்து செருப்பை எடுத்தான். அவர் காலில் மாட்டப் பார்த்தான். கால் உள்ளே போகவில்லை. வாரை அவிழ்த்து மறுபடி மாட்டினான். போகவில்லை. ஹாஷா அவன் தலையில் கையை ஊன்றிக்கொண்டு, ஒற்றைக் காலில், பொறுமையாக நின்றுகொண்டிருந்தார்.